இருபத்திமூன்றாம் நம்பர் வெண்டை

போன வாரம் பூந்தமல்லியில் ஒரு விதைக்கடைக்குக் கீரை விதை வாங்கப் போனேன். கண்ணில் பட்டது வெண்டை விதைப் பாக்கெட். மேலே கொட்டை எழுத்தில் — ‘மஞ்சள் நோயைத் தாங்கும் ரகம்’. கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டே நின்றேன்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னாம்மா, வாங்கப் போறியா... இல்ல பரிச்சைக்குப் படிச்சிகினு கீறியா?”

என்னத்தைச் சொல்வது? இப்படி ஒரு விதை என் கையால் வந்திருக்கலாம் என்றா? வயிற்றெரிச்சலா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இருக்கிறது. மீதி முழுக்க ஏக்கம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. கணவருக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் கள்ளிக்குப்பத்தில் வாடகை வீடு. பின்னால் நல்ல தோட்டம். நான் எம்.எஸ்ஸி. தாவரவியல். கழுத்தில் தாலி ஏறியதும் மைக்ராஸ்கோப்புக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்துபோயிருந்தது.

ஒருநாள் என் பழைய பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் காட்டு வெண்டையையும் நம் வீட்டு வெண்டையையும் கலந்து விதை எடுத்திருந்தார். காட்டு வெண்டைக்கு நோய் வராது. ஆனால் காய் முழுக்க முள். வாயில் வைக்க முடியாது. நம்முடையது ருசி. ஆனால் வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தால் தீர்ந்தது — இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளிறிவிடும். இதன் ருசி, அதன் தெம்பு, இரண்டும் சேர்ந்த ஒரு பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதா? அதுதான் தேடல்.

“உங்க பக்கம் வெள்ளை ஈ ஜாஸ்தின்னு சொன்னியே... நல்லதாப் போச்சு!” என்று ஒரு பொட்டலம் விதை கொடுத்தார். “மருந்து அடிக்கக் கூடாது. சீக்குச் செடியைப் பிடுங்கக் கூடாது. அதுங்களுக்கு நடுவுல எது பச்சையா நிக்குதோ, அதோட விதை எனக்கு வேணும். கொண்டு வாம்மா, ப்ராஜெக்ட்ல உனக்கு ஒரு இடம் போட்டுடறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மூன்று மாதம் நடமாடினேன். மறுபடி லேப்! மறுபடி வெள்ளைக் கோட்டு! சோறு வடிக்கும்போதுகூட அதே நினைப்பு.

நாற்பது செடி. ஒவ்வொன்றுக்கும் ஐஸ் குச்சியில் நம்பர். வெள்ளை ஈ என்னை ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றாக மஞ்சள் அடிக்க அடிக்க நான் சந்தோஷமாக நோட்டில் எழுதினேன். பக்கத்து வீட்டு தேவகிக்குத்தான் தாங்கவில்லை.

தேவகி கல்யாணத்துக்கு முன்னால் செம்பரம்பாக்கம் பக்கம் வயல் வேலைக்குப் போனவள். நிலமெல்லாம் பிளாட்டானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ பேக்கிங். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் அதே பாட்டு: “யக்கா, சீக்கு வந்ததைப் புடுங்கிக் கடாசுக்கா. நல்லதுக்கும் ஒட்டிக்கும்!”

“இது காலேஜ் விஷயம், தேவகி. உனக்குப் புரியாது.”

இப்படித்தான் சொன்னேன். எவ்வளவு திமிர், பாருங்கள்!

கடைசியில் ஒன்றே ஒன்று பச்சையாக நின்றது. இருபத்திமூன்றாம் நம்பர். கரும்பச்சை இலை, நீளக் காய். முதல் நாலு காயில் சிவப்பு நூல் கட்டி, விதைக்காக முற்ற விட்டேன். இன்னும் பத்து நாள் காய்ந்தால் போதும். அந்த நேரம் பார்த்துக் கோவில்பட்டியில் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. அத்தை, மாமா முறைக்கு நாங்கள் இரண்டு பேரும் போகாமல் முடியுமா? தேவகியிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

எட்டாம் நாள் காலை திரும்பினேன். தோட்டம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு செடி இல்லை. ஐஸ் குச்சிகள் மட்டும் கட்டாகக் கட்டி ஜன்னலில் வைத்திருந்தது.

தேவகி சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் ஒரு கிண்ணம்.

“சீக்குச் செடி எல்லாம் புடுங்கிட்டேன்க்கா. நீ மனசு வராம வெச்சிகினு இருந்தே.”

“அந்தப் பச்சைச் செடி...?”

“அதுல காய் முத்திப்பூட்ச்சு. முத்த வுட்டா செடி ஓஞ்சிடும், தெரியாதா? திருஷ்டிக்கு நூல் கட்டினா மட்டும் போதுமா? பிஞ்சு கொஞ்சம் இருந்துச்சு, அத்த இன்னிக்குக் காலைல பறிச்சு காரக்கொயம்பு வெச்சேன். ஓஞ்ச செடியையும் முத்தின காயையும் ஆட்டுக்குப் போட்டேன். இந்தா, உன் பங்கு.”

கிண்ணத்தை வாங்கினேன். உள்ளே போனேன். அழுதேன். குழம்பை அப்படியே சாக்கடையில் கொட்டினேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவள் செய்தது அத்தனையும் சரி. விவசாயம் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். நோயை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தவள் நான். ஏன் வைக்கிறேன் என்று அவளிடம் ஐந்து நிமிஷம் சொல்லியிருந்தால், அந்தச் செடிக்கு அவளே காவல் இருந்திருப்பாள். அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் இன்றுவரை ஏங்குகிறேன்.

பேராசிரியருக்கு நடந்ததை எழுதினேன். திட்டுவார் என்று பயந்தேன். கார்டு வந்தது. ‘ப்ராஜெக்ட் இந்த வருஷத்தோடு முடிகிறது. உனக்கு இடம் கேட்க இனி வழியில்லை, வருந்துகிறேன். போனது போகட்டும். காய் சாப்பிட எப்படி இருந்தது? முள் உண்டா, நார் உண்டா? ருசி தேறியது என்றால் அதே ஜோடியை யாராவது திரும்பக் கலந்து பார்க்கலாம். உடனே எழுது.’

வேறு வழி? தேவகி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அந்த வெண்டைக்காய்... எப்படி இருந்துச்சு?”

“இன்னாக்கா, உனுக்குத்தான் ஒரு கிண்ணம் குடுத்தேனே. நீ துன்னலியா?”

நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“முள்ளு இல்ல, நாரு இல்ல. வெண்ணெ மாதிரி வெந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு சட்டிய வழிச்சுத் துன்னாரு. அப்டி ஒரு வெண்டைக்கா நான் துன்னதே இல்லக்கா!”

அதை அப்படியே கார்டில் எழுதிப் போட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இலை எண்ணியது, உயரம் அளந்தது, பூ விட்ட நாள்... எல்லாம் என் கையெழுத்து. ருசி மட்டும் தேவகி சொன்னது. என் பங்கைச் சாக்கடை அல்லவா சாப்பிட்டது!