கீப்பருக்குப் பின்னால்

பெல்மதுளை டவுனில் பழைய கார்டுகளுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்ற செய்தியை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் பஸ் கொண்டக்டர். அவர் சொல்லவந்தது கிரிக்கெட் கார்டை. மனுசனுக்கு என்ன அவசரமோ, "பழைய கார்டு வாங்குறாங்களாம்" என்று மட்டும் சொல்லி மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார். மிச்சத்தை லயத்து வரிசைவீட்டுச் சனம் தானாகவே நிரப்பிக்கொண்டது.

கார்டுக்கு எங்கள் வீடுகளில் பஞ்சமா என்ன! அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறிய பாதிப்பேர் கையிலும் ஒரு ஷொப்பிங் பை. டவுனில் எங்கள் ஆட்களில் ஒருவர் நடத்திய மளிகைக்கடைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒருவர் கையில் ரேஷன் கூப்பன் கார்டு, இன்னொருவரிடம் இந்தியாவிலிருந்து எப்போதோ வந்த போஸ்ட் கார்டு, மேல் லயத்து அக்கா ஒருத்தி தன் கல்யாணக் கார்டையே கொண்டுவந்துவிட்டாள்.

"இதுக்கு எவ்வளவுங்க தருவீங்க?" என்று அவள் கேட்க, உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கொழும்பு மாத்தயா, அதாவது கார்டு வாங்க வந்த சிங்கள ஐயா, கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கடை முதலாளிதான் பதில் சொன்னார்.

"மாப்பிள்ளையோட சேத்துக் குடுத்தா ஏதாவது பாக்கலாம்."

"அவரையா? அவரைச் சும்மாவே கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

கடையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, சிரிக்கிற நிலைமையிலும் இல்லை.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். கடிதம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எனக்கு அதுதான் இல்லை. நான் பிறந்தது கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதிவைத் தோட்டத்து ஒபிஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்பா நினைத்தார், அப்பா பார்த்துக்கொள்வார் என்று ஒபிஸ் நினைத்தது. நான் நடக்கப் பழகுவதற்குள் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். அங்கே நான் பிறந்ததற்கு ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது.

பிந்திப் பதிவதற்கு வழி இருந்தது. பிறந்த காலத்தில் எழுதிய ஏதாவது ஒரு காகிதம் காட்ட வேண்டும், குழந்தைக் கிளினிக் கார்டு இருந்தாலும் போதும் என்று எனக்குப் பதினாறு வயதானபோதே பதிவாளர் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். கார்டு இருந்ததாம். ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாளாம். அப்பாதான் எங்கேயோ தொலைத்துவிட்டாராம். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் வருடக்கணக்காக நடந்தது. சோற்றில் உப்புக் குறைந்தாலும் கடைசியில் கிளினிக் கார்டில்தான் போய் நிற்கும். அப்பா வாயே திறக்கமாட்டார். திறந்து என்ன பயன்!

"ஒனக்கு கார்டு இல்லாட்டி நீ பொறக்கவே இல்லைங்கிறானுகளேடி. அப்ப அன்னைக்கு நான் யாரைத்தான் பெத்தேன்?" என்று அம்மா கேட்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யாரைப் போய்க் கேட்பது?

வேலை கைவிட்டுப் போனால் கொழும்பில் ஏதாவது ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போக வேண்டியதுதான். அதற்குப் பதிலாக ஒரு தையல் மெஷின் இருந்தால் தோட்டத்திலேயே தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு கணக்கு. அதனால்தான் அம்மாவையும் இழுத்துக்கொண்டு, என் பழைய கிரிக்கெட் கார்டுகளோடு நானும் அந்த வரிசையில் நின்றேன்.

உலகக் கிண்ணம் நம் நாட்டுக்கு வந்த வருடம் நான் பதினொரு வயதுப் பிள்ளை. பபிள்கம் பைக்கற்றுக்குள் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை வரும். கம் அரை நிமிடத்தில் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அட்டைக்காகத்தான் வாங்குவோம். எல்லோருக்கும் நம் நாட்டு ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். என் அதிர்ஷ்டத்துக்கு யாரோ வெளிநாட்டு விக்கெட் கீப்பர் கிடைத்தார். பெரிய உறையணிந்த இரண்டு கைகளையும் பந்துக்கு விரித்து நின்ற மனுசன். ஒரு புளியங்காய்க்குக்கூட யாரும் அவரை மாற்றிக்கொள்ளவில்லை. பாவமே என்று என்னிடமிருந்த மற்ற மூன்று ஆட்டக்காரரோடு சேர்த்து அவரையும் இரண்டாக மடித்த ஒரு தடித்த காகித மட்டையின் உள்ளே கோதுமை மாப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். வெளிப்பக்கத்துக்குக் கலண்டர் தாள் சுற்றினேன். அதுதான் என் அல்பம்.

மாத்தயா அந்த அல்பத்தைத் திறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளியிடம் கல் பார்க்கிற கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தார். எங்கள் பக்கத்தில் மாணிக்கக் கல்லைத்தான் அப்படிப் பார்ப்பார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூலை மழுங்கியிருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா, மடிப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

எனக்குச் சிங்களம் வரும். அவர் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அந்தப் பபிள்கம் கொம்பனி கீப்பர் அட்டையைக் கொஞ்சமாகத்தான் அடித்ததாம். யாரும் விரும்பாததால் குப்பைக்குப் போனதே அதிகமாம். இப்போது தேடினாலும் கிடைக்காதாம். அமெரிக்காவில் பேஸ்போல் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதாம், அதில் ஒரு ஆட்டக்காரரின் அட்டை, அந்தக் காலத்துச் சிகரெட் பெட்டிக்குள் சும்மா வந்தது, இன்று கொழும்பில் மாடிவீடே வாங்குகிற விலைக்குப் போகிறதாம்.

"காயிதத்துக்கா?" என்றாள் அம்மா. "அந்த ஊருல வேற வேலையே இல்லையா?"

கீப்பர் முழுசாகக் கழன்று வந்தால் ஒரு தையல் மெஷினும் மேலே கொஞ்சமும் வாங்கும் அளவுக்குத் தருவதாகச் சொன்னார். பின்பக்கம் கிழிந்தால் ஒரு சதமும் இல்லை.  சரி என்றேன்.

முதலாளி தேத்தண்ணிக் கேத்தலைக் கொண்டுவந்து வைத்தார். மாத்தயா அல்பத்தை ஆவியில் காட்டி, ஒரு மெல்லிய பிளேடால் கீப்பரின் கால் பக்கத்து ஓரத்தை நெம்பினார். நகம் அளவுக்கு அட்டை எழும்பியது. அதற்கு அடியில் நீல மை. ஆவி பட்டு மை லேசாகக் கசிந்தது.

நான் குனிந்து பார்த்தேன். சிங்களத்தில் இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு இலக்கம். அது அம்மாவின் பேரின் கடைசி இரண்டு எழுத்து.

"எடுங்க! கேத்தலை எடுங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

கலண்டர் தாளை நானே பிய்த்தேன். உள்ளே ரோஸ் நிற மட்டை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கிளினிக் கார்டின் நிறம் தெரியும். மட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தாள் பாருங்கள், இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

"அடிப் பாவி! நீதானாடி! அந்த மனுசனை நான் என்னென்ன பேச்சுப் பேசினேன்!"

பெட்டியிலிருந்து எடுத்தது எனக்கு நினைவே இல்லை. படம் ஒட்டத் தோதான மட்டை ஒன்று கிடைத்தது, எடுத்தேன், அவ்வளவுதான். நான் பிறந்ததற்கு இருந்த ஒரே சாட்சியின் மேல் பசையைத் தடவி நானே மூடி வைத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாத்தயாவிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒளிக்காமல் சொன்னார். கீப்பர் முழுசாக வேண்டுமென்றால் வெந்நீரில் ஊறப்போட வேண்டும், அடியில் உள்ள மை கரைந்துவிடும். மை வேண்டுமென்றால் காய்ந்தபடியே மேல் அட்டையைச் சீவி எடுக்க வேண்டும், கீப்பர் துண்டு துண்டாகத்தான் வருவார். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

 வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பொய் சொல்லமாட்டேன், தையல் மெஷின் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்த மட்டையைக் கொடுத்தாலும் பதிவாளர் வேறு ஏதாவது குறை சொல்லிவிட்டால்? காசு என்றால் இப்போதே கையில். ஆனால் பிறக்காத ஒருத்தியாகவே கடைசிவரை தைத்துக்கொண்டு இருப்பதா என்று நினைத்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல எரிச்சல்.

"சீவுங்க மாத்தயா," என்றேன்.

"நங்கி, இன்னொருமுறை யோசி," என்றார் அவர் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுவதுபோல.

"பத்தொன்பது வருசமா யோசிச்சாச்சு."

கையில் பிளேடு இருந்தது அவரிடம்தான். அம்மா பார்க்கப் பயந்து திரும்பி நின்றுகொண்டாள். தேடித் தேடி வந்த பொருளை அந்த மனுசன் தன் கையாலேயே ஒரு மணிநேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தார். அம்மாவின் பேர் வந்தது. நான் பிறந்த தேதி வந்தது. ஒருவர் ஊதினார், ஒருவர் வெளிச்சத்தை மறைக்காதே என்று எல்லோரையும் விரட்டினார். பிறந்தபோது என் எடைக்குப் பக்கத்தில் மட்டும் கீப்பரின் இரண்டு கைகளும் விடவேயில்லை. இன்னும் சீவினால் மட்டை ஓட்டையாகிவிடும் என்று அப்படியே விட்டார். காசு ஏதும் வேண்டாம் என்றுவிட்டார். முதலாளி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மட்டையை அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"நான் தொலைக்கல," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா அவருக்கு இரண்டு கருவாடு வைத்தாள்.

அடுத்த வாரம் பதிவாளர் கந்தோருக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் கொஞ்சம் வயதான சிங்களப் பெண். தேதியைச் சரிபார்த்தார், அம்மாவின் பேரைச் சரிபார்த்தார். ஓரத்தில் விரிந்திருந்த அந்தப் பெரிய கைகளில் அவர் விரல் வந்து நின்றது.

"மே கவுத?" என்று கேட்டார். இது யார் என்று.

பயத்தில் எனக்கு வாயில் என்ன வருகிறதோ அதுதான் வரும். "கீப்பர், மிஸ்," என்றேன் சிங்களத்தில். "நான் கீழே விழாமல் பிடித்தவர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பதிவுப் படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்து, என் பேரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார்.