ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் என் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேச முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய பழைய கார் அது. எனக்கு முன்னால் எத்தனை கை மாறியதோ, விற்றவருக்கே தெரியாது. தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் அரை பாட்டில் தண்ணீர் ஊற்றுவேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த நாலு பேரும் அப்படித்தான், செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிக்கொண்டிருப்போம். ஊற்றாதவனுக்கு வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்பது எங்கள் கட்சி.

அந்த வருஷம் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ராயப்பேட்டையில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்த்தவள். மாப்பிள்ளைக்குக் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குழந்தை எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். கையில் எடுத்தால் கனமே தெரியாது. கொஞ்சம் சளி பிடித்தாலும் மூச்சிழுப்பு வந்துவிடும். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது இருவரையும் குன்னூரில் கொண்டுவிடுவது என்று நாள் பார்த்தாயிற்று. அது டிசம்பர். வழியில் குழந்தைக்குக் குளிர்காற்று படவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்பா இல்லை, கொண்டுவிடுகிற பொறுப்பு என்னுடையது. என் வண்டியிலேயே போகலாம், ராஜா மாதிரி போகும் என்று மார்தட்டியதும் நான்தான்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு தி.நகருக்குக் கம்பளி வாங்கப் போனோம். முன்சீட்டில் இருந்தவள் திடீரென்று ஹீட்டரைப் போட்டாள்.

"என்னடி பண்றே? மெட்ராஸ்ல ஹீட்டர் போட்டா ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. வேலை செய்யறதான்னு பாக்கறேன்."

வண்டி ஓடும்வரை அனல் அடித்தது. எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பனகல் பார்க் சிக்னலில் நின்றோம். அரை நிமிஷத்துக்கெல்லாம் சூடு போய் வெறும் காற்று வந்தது. பச்சை விழுந்து கிளம்பியதும் மறுபடி அனல். அடுத்த சிக்னலிலும் அதே கதை.

"நின்னா சூடு வரலையே அண்ணா."

"ஓடறச்சே வரதோல்லியோ? போறாதா?"

"மலையில லாரிக்குப் பின்னாடி நிக்கணும். அப்போ குழந்தைக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நீ என்ன மெக்கானிக்கா, பிறந்ததிலிருந்து எதையாவது நோண்டுவதே உனக்கு வேலை என்று கத்தினேன். மறுநாள் மத்தியானம் அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கப்பண்ணிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நான் முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார், ஊரே வெந்துகினு கீது, ஹீட்டரு பத்தலயா?" நான் தங்கையைப் பார்த்து, "கேட்டுக்கோ" என்றேன். அவள் குழந்தையையும் மலைப் பயணத்தையும் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தார்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் இரண்டு கையால் பிடித்தார். "இது சுடுது. அது ஜில்லுனு கீது. தண்ணி சுத்தல." ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கச் சொன்னார், இரண்டும் சுட்டன. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே தண்ணீர் கண்ணிலேயே படவில்லை. முக்கால் பாட்டில் பிடித்தது. காற்றெல்லாம் வெளியேற்றி மூடியபின், நின்ற இடத்திலேயே ஹீட்டர் கொதித்தது.

"ஆச்சு. கிளம்பு" என்றேன்.

அவள் நகரவில்லை. "அண்ணா, இன்னிக்குக் காத்தாலதானே ஊத்தினே?"

"தினமும்தான் ஊத்தறேன். வண்டின்னா தண்ணி குடிக்கத்தான் குடிக்கும்."

"குடிச்சது எங்கேயாவது போகணுமோல்லியோ? எங்கே போறது?"

இரண்டு வருஷமாக ஊற்றிய நான் ஒரு நாள் கூட அதைக் கேட்டதில்லை. மெக்கானிக்கும் தலையைச் சொறிந்தார். தரையைத் தடவிப் பார்த்தார், ஒரு சொட்டு ஈரமில்லை. தங்கை கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அதன் கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். "கண்ணுக்குத் தெரியாத இடத்துல இதை வெச்சுப் பாருங்கோ."

அவர் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, கழுத்தைக் கோணிக்கொண்டு பார்த்தார். "த்தோ!" என்றார். வாட்டர் பம்புக்கு அடியில் துருப்பிடித்த நிறத்தில் நீளமாக ஒரு கோடு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பின் சக்கரத்தை ஆட்டினார். அது விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"பேரிங்கு போய்கினு கீது சார். சொட்டுற தண்ணி சூட்டுலயே ஆவியாப் பூடுது, அதான் தரையில தெரியல. மல ஏறச்சொல்லோ இது புட்டுகிச்சுன்னா இன்ஜினே ஜாமாயிருக்கும். பச்சக் கொழந்தய வச்சிகினு நடுவழியில நின்னுருப்பீங்க." என்னைத் திட்டாமல் விட்டாரே, அதுவே பெரிசு. தங்கையைப் பார்த்து, "நீ நம்ம ஷெட்டுக்கு வந்துடும்மா" என்றார். அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் அம்மாவிடம் ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

புதுப் பம்பு போட்டுக்கொண்டு கிளம்பினோம். குன்னூருக்குப் பாதி மலையில், ஒரு வளைவில் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் இருபது வண்டி. பனி இறங்கிக் கண்ணாடியெல்லாம் வெள்ளை. முக்கால் மணி நேரம் அசையவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹீட்டரும் விடாமல் சூடாக வந்துகொண்டிருந்தது. குழந்தை அவள் மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். இழுப்புச் சத்தம் வருகிறதா என்று குனிந்து காதை வைத்துக் கேட்டேன். நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதும் விட்டேன்.

"என்னண்ணா?"

"நீ மட்டும் கேக்கலைன்னா இவனை நானே கொன்னிருப்பேன்டி."

"சீ, வாயை மூடு! குழந்தை எதிர்ல பேசற பேச்சா இது?" என்றாள். அப்புறம் என் கையை எடுத்துக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்தாள். வெதுவெதுவென்றிருந்தது. "முன்னாடி வண்டியெல்லாம் நகர்றது பார். வண்டியை எடு."