மெழுகுவத்தி அணைந்த தொட்டி

காலை ஆறு நாற்பதுக்குத் திருப்பதி பேருந்து நிலையத்தில் புத்தூர் வண்டி ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து கார்வேட்டிநகரத்துக்கு இன்னொரு பேருந்து. ஊர் ஊராகப் போய் அங்கங்கே உண்பதையும் குடிப்பதையும் எழுதுகிறவன் நான். ரசாயன மருந்தே தெளிக்காத திராட்சையில் ஒரு குடும்பம் தேவாலயங்களுக்குச் சிவப்பு ஒயின் செய்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒன்பதரைக்கு ஆட்டோ. ஆறு கிலோமீட்டர் போய், காத்திருந்து, திரும்ப வர முந்நூறு ரூபாய். ஓட்டுநர் முனிரத்தினம் நகரிக்காரர், வாய் ஓயாதவர்.

"அவங்க மருந்து அடிக்க மாட்டாங்க சார். புழு துன்னது போக மிச்சந்தான் அவங்களுக்கு" என்றார்.

ஒன்றரை ஏக்கர் தோட்டம். அருள்தாசும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் மட்டும்தான் எல்லா வேலையும். வேருக்குச் சாணமும் வெல்லமும் கரைத்த தண்ணீர், இலைக்கு வேப்பங்கொட்டைச் சாறு. அருள்தாஸ் எவர்சில்வர் டம்ளரில் போன வருடத்து ஒயினை ஊற்றிக் கொடுத்தார். கடையில் வாங்குவதைப் போல இனிக்கவில்லை. முதலில் நாவல்பழம் போல நாக்கைப் பிடித்தது, பிறகு லேசாக மண் வாசனை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்னொரு டம்ளர் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டேன்.

பதினொரு மணிக்குத் தொட்டி இருந்த அறையைத் திறந்தார்கள். வெயிலின் சூடு படாமலிருக்கத் தரைக்குள் ஒன்பதடி ஆழத்துக்குக் கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. முந்தின நாள் மாலைதான் ஒயினைக் குழாய் வைத்து இறைத்திருந்தார்கள். அடியில் கிடந்த திராட்சைச் சக்கையை யாராவது இறங்கி அள்ள வேண்டும். வெளியே நல்ல வெயில், உள்ளே முழங்காலுக்குக் கீழே மட்டும் குளிர்ந்தது. அடியிலிருந்து யாரோ மெதுவாக எச்சில் விழுங்குவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

இறங்குவதற்கு முன்னால் வாளியில் மெழுகுவத்தி ஏற்றி உள்ளே இறக்குவது அந்த வீட்டு வழக்கம். ஸ்டெல்லா இறக்கினார். பாதி ஆழத்தில் சுடர் அணைந்தது. காற்றில் அணையும் சுடர் ஆடும், இது ஆடவே இல்லை. புகையும் மேலே வராமல் தொட்டிக்குள்ளேயே பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. இரண்டாம் முறையும் அப்படியே, மூன்றாம் முறையும் அப்படியே.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் ஸ்டெல்லா.

"நாளைக்குச் சக்கை புளிச்சிப்பூடும். கதவாண்ட காத்து வந்துக்கினு கீது, அதான் அணையுது. நைனா காலத்துல கரண்டு இல்ல, மெழுகுவத்தி வெச்சாங்க" என்றார் அருள்தாஸ்.

எங்கே போனாலும் யோசனை சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது. "வெளிச்சம்தானே வேண்டும்? இந்தாங்க" என்று கைப்பேசி டார்ச்சைப் போட்டு வாளியில் வைத்தேன். அது அணையாமல் அடிவரை போனது. சக்கை கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கூடை தூக்கும் கப்பியில் ஓடிய கயிற்றின் நுனியைப் புருஷன் இடுப்பில் கட்டிய பிறகுதான் விட்டார். அருள்தாஸ் கேலி செய்துகொண்டே ஏணியில் இறங்கினார். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். சக்கைமேல் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். பக்கத்தில் என் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்துக்காக இல்லை, மூச்சுக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அருளு! அருளு!" ஸ்டெல்லா கத்திய கத்தலில் முனிரத்தினம் ஓடி வந்தார். மூவரும் கயிற்றை இழுத்தோம். என் உள்ளங்கை உரிந்தது. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் என் தலையில் இல்லை.

மாமர நிழலில் கிடத்தியதும் சில நிமிடத்தில் இருமினார், கண் விழித்தார். எங்களைப் பார்த்து எரிச்சல்பட்டார்.

"எதுக்கு இந்தக் கத்து கத்தினீங்க? நான்தான் கூப்ட ஒவ்வொரு தபாவும் இருக்கேன், இருக்கேன்னு சொல்லிக்கினே இருந்தேனே!"

அவர் உதடு அசையவே இல்லை என்பதை மூன்று பேருமே பார்த்திருந்தோம். புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாங்கள் மாறி மாறிச் சொல்லியும் மறுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஸ்டெல்லா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க கிளம்புங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். தோட்டத்து வேலியைத் தாண்டுவதற்குள் பின்னால் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "அருளு!" பதில் கேட்கவில்லை. ஆட்டோ சத்தத்தில் அமுங்கியிருக்கலாம். ஆனாலும் வண்டியை அணைக்கச் சொன்னேன்.

மறுபடியும் "அருளு!" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் திராட்சை இலைகளின் சலசலப்பு மட்டும் கேட்டது. பிறகு நிதானமாக அருள்தாஸின் குரல், "இருக்கேன்."

என் காதை நானே நம்பவில்லை. முனிரத்தினத்தின் தோளைத் தொட்டு, "உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றேன்.

அவர் திரும்பாமலே, "கேட்டுச்சி சார்" என்றார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னேன்.