கணிதத் தாளும் அமோனியா வால்வும்

சிலாபத்துக்கு அருகே ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, வார இறுதிகளில் கொழும்புக்குப் போய்ப் பொறியியல் படித்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணிதத்தில் இரண்டு தடவை தவறிவிட்டேன். மூன்றாவது தடவையும் தவறினால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை பிற்பகல். காலையில் புறப்படும் நேரத்தில் இயந்திர அறையில், ஐஸ் உறைய வைக்கும் நச்சு வாயுவான அமோனியா லேசாக மணத்தது. ஒரு வால்வில் கசிவு. அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை. அவசர அவசரமாக, கசிவை அடைக்கும் பழைய பாக்கிங்கை எடுத்துப் புதியதைப் போட்டேன். என்னோடு வேலை செய்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், நான் 'நானா' என்று கூப்பிடுபவர், மணிக்கூட்டைக் காட்டித் துரத்தினார்.

"ரெயில் போயிரும் தம்பி. இனி நான் பாத்துக்கிறன், நீ போ."

ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன். மாதம்பை தாண்டியதும்தான் வால்வு நினைவுக்கு வந்தது. கடைசி நட்டை இறுக்கினேனா? ஸ்பானரைக் கையில் எடுத்தது நினைவிருந்தது. இறுக்கியது நினைவில் இல்லை. நானாவுக்கு அழைத்தேன். பதில் இல்லை. இயந்திர இரைச்சலில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரீட்சை மண்டப வாசலில் போனை அணைத்துப் பையோடு வைக்கச் சொன்னார்கள். தொகையீட்டுக் கணக்கில் பாதி வழி போவேன்; மூக்கில் அமோனியா ஏறும். நானா இருமிக்கொண்டு கதவைத் தேடுவது போலத் தெரியும். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். ஒரு கேள்வியைத் தொடவே இல்லை.

வெளியே வந்து போனைத் திறந்தால், நானா திரும்பத் திரும்ப அழைத்திருந்தார். உடனே அழைத்தேன்.

"நானா, என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. நட்டு கொஞ்சம் லூசா இரிந்திச்சு, இறுக்கிட்டன். நீ அதையே நினைச்சுக்கொண்டு சோதினை எழுதுவா எண்டுதான் சொல்ல எடுத்தன்."

"அதுக்கு இத்தினை தரமா?"

"நீ எடுக்கல்லயே! வழியில உனக்கு என்னமும் ஆகிட்டோ எண்டு எனக்குப் பயம் வந்திட்டு."

ரயில் நிலையம் வரைக்கும் நடந்தே போனேன்.

பரீட்சைப் பெறுபேறு வர மாதங்கள் ஆயின. ஒவ்வொரு காலையும் போனைத் திறக்கவே பயம். ஒருநாள் லொறிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. மயிரிழையில் சித்தி; தேறிவிட்டேன். நானாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"இன்னும் எத்தினை பாடம் இரிக்கி?" என்று கேட்டார்.

"கன பாடம், நானா" என்றேன். இன்னும் அத்தனை பரீட்சை நாட்களா என்ற என் பயம் அவர் முகத்திலும் தெரிந்தது.