டைகர் ரத்தமும் தணிகாசலத்தின் சந்தேகமும்

போன மாதம் ஆவடி லேப் ஒன்றில், என் பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தை உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். ஆள் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஒரு தும்மல்கூடக் கிடையாது!

எப்படி என்கிறீர்களா? அவருடைய நாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தணிகாசலம் சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். யாரையும் நம்ப மாட்டார். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் வளர்ப்பது டைகர் என்கிற செம்பட்டை நாட்டு நாய்.

தெரு நாய்களோடு சண்டை போட்டு, புதருக்குள் விழுந்து புரண்டு, ஒரு நாள் தொடையில் காயத்தோடு நொண்டி வந்தது டைகர். என் ஸ்கூட்டரில்தான் அம்பத்தூர் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனோம். ஊசி, மாத்திரை... சில நாளில் காயம் காய்ந்தது. டைகர் பழையபடி தபால்காரரைத் துரத்த ஆரம்பித்தது.

டாக்டரம்மா விடவில்லை. ரத்தம் எடுத்து, பக்கத்திலிருந்த லேபுக்கு அனுப்பினார். மனிதர்களுக்கான லேப்தான். ஈ.எஸ்.ஆர்., வெள்ளை அணுக்கள் - இரண்டையும் பார்க்க வேண்டுமாம். உடம்புக்குள் புண்ணோ சீழோ இருந்தால் இரண்டும் ஏறுமாம். மருந்து வேலை செய்தால் இறங்குமாம்.

டைகருக்கு ஏறியிருந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி எடுத்தார். இன்னும் ஏறியிருந்தது!

"வெளியிலதான் ஆறியிருக்குங்க. உள்ளே சீழ் இருக்கு. தொடையைத் திறந்து பார்க்கணும். அப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து" என்றார்.

திரும்பும் வழியில் பின் சீட்டிலிருந்து தணிகாசலம் பொருமினார். "நாய் ஜம்முனு துன்னுது, ஓடிக்கினு கீது. இந்தம்மா இன்னாடான்னா கத்திய எடுக்கணும்ன்றாங்க. லேபுக்காரனும் அவங்களும் கூட்டு சார்!"

எனக்கும் குழப்பம்தான். நோயாளி வாலாட்டுகிறான்... ரிப்போர்ட் மட்டும் படுத்துக் கிடக்கிறது. எதை நம்புவது?

மறுநாள், "இன்னொரு தபா ரத்தம் எடுங்கம்மா, அப்பால பாக்கலாம்" என்று சொல்லி, ரத்தப் பாட்டிலை டாக்டரம்மாவிடமிருந்து தணிகாசலமே வாங்கிக்கொண்டார். வழக்கமான லேபுக்குப் போகவில்லை. வண்டியை ஆவடிக்கு விடச் சொன்னார். அங்கே பேஷண்ட் பெயர் என்ன சொன்னார் தெரியுமா? தணிகாசலம்!

"நாயின்னு சொன்னா இவனும் அந்தம்மாவுக்குப் போன் போட்டுடுவான் சார்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

காத்திருந்தோம். லேப்காரர் வெளியே வந்தார். காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"இது யாரோட ரத்தம்?"

"என்னுதுதான்."

"காய்ச்சல் இல்லை? எங்கேயாவது கட்டி, புண்ணு?"

"நல்லாத்தான் கீறேன் சார்."

"இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு நீங்க நிக்கவே முடியாதுங்க! உள்ளே எங்கேயோ சீழ் வச்சிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ஆட்டோ கூப்பிடட்டுமா?"

அந்தம்மாவை முன்பின் தெரியாதவர். ஆனால், டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தை! தணிகாசலத்தின் முகம் வெளிறிப்போனது.

"சார்... அது என் ரத்தம் இல்ல. என் டைகரோடது."

"டைகரா?"

"நாயி சார்."

அவர் கத்த ஆரம்பிப்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன்.

அன்றே அம்பத்தூரில் தொடையைத் திறந்தார்கள். ஆறிய தோலுக்கு அடியில் அவ்வளவு சீழ். அதற்கும் கீழே, இடுக்கியில் சிக்கி வந்தது - முறிந்த கருவேல முள். டைகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இத்த உள்ளாற வெச்சிக்கினாடா வாலாட்டுன?"

"நாய் வலியைக் காட்டிக்காதுங்க. ரத்தத்துக்கு மறைக்கத் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

நாம் மட்டும் என்ன? முகம் சிரித்தால் சௌக்கியம் என்று முடிவு கட்டிவிடுகிறோம், நாயானாலும் மனிதனானாலும்.

அப்புறம் ஒவ்வொரு முறை பார்த்தபோதும் ஈ.எஸ்.ஆர். இறங்கிக்கொண்டே வந்தது. போன வாரம் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "எல்லாம் நார்மல். மருந்தை நிறுத்திடலாம். இனிமே ரத்தம் எடுக்க வேண்டாம்."

டைகர் மேஜையிலிருந்து குதித்து ஒரு ஆட்டம் போட்டது. தணிகாசலம் அதை முறைத்துப் பார்த்தார்.

"இவன் ஆக்டு குட்த்தாலும் குடுப்பான்மா. எதுக்கும் இன்னொரு தபா எடுத்துடுங்க!"

சந்தேகம் மனிதரை விட்டுப் போகவில்லை... கட்சி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்!