திறந்த கதவுக்கு வெளியே ஒரு மாமியார்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில், ஒரு தேவாலய வளாகத்தின் பின்பக்கம், பேச்சுத்துணைத் தொண்டர்களான எங்களுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். மனசு நொந்து வருகிறவர்களோடு வாரம் ஒரு மதியம் நான் அங்கே உட்காருவேன். பள்ளி இறுதியோடு நின்றவள் நான். ஒரு மனநல மருத்துவர் எங்களைப் போன்றவர்களுக்கு எடுத்த சனிக்கிழமை வகுப்புகள், பழைய புத்தகக் கடை, டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் பேச்சு, இவ்வளவுதான் என் படிப்பு. சனங்கள் தங்கள் வேதனையைச் சொல்கிற விதம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "தலைக்குள்ள மோட்டார் ஓடுதுங்க, சுச்சு எங்கன்னு தெரியலீங்க" என்று ஒரு மில் தொழிலாளி சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இங்கே நான் சொல்லப்போகிற பெண்ணை அவளுடைய மாமியார்தான் கூட்டிக்கொண்டு வந்தார். ஆளைக் காட்டிக்கொடுக்கிற விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். மாமியார் இடுப்பில் ஒன்றரை வயதுப் பேத்தி. பின்னால், தலையைக் குனிந்தபடி மருமகள். என்னை டாக்டரம்மா என்றார் மாமியார். நான் டாக்டர் இல்லீங்க, பேசறதுக்கு மட்டுந்தான் இருக்கேன் என்றேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேசறதுக்குங்களா? அதுக்கு எங்கூருல ஆளுக்கா பஞ்சம்?"

விஷயத்தையும் அவரே சொன்னார். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், கரண்ட் வந்ததும் மோட்டார் போட மகனும் மருமகளும் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். குழந்தை மருமகள் இடுப்பில். மலையிலிருந்து இறங்கிய யானை வாழைக்குள் நின்றிருக்கிறது. மருமகளும் குழந்தையும் மோட்டார் ரூமுக்குள் தப்பிவிட்டார்கள். மகன் வெளியே செத்துப்போனான்.

அதற்குப் பிறகு மருமகள் வீட்டுக்குள் போவதில்லை. வெளியே அடுப்பு மூட்டிச் சமைக்கிறாள், வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறாள். யாராவது ஒரு கதவைச் சாத்தினால் அந்தச் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடுகிறது. இதற்கு நடுவில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வேறு. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்பார். கேட்காவிட்டால் அக்கறை இல்லாதவர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் வந்தவரை மதிக்காதவர்கள் ஆகிவிடுவோம். உடுமலைப்பேட்டையிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்களுக்கும், பால் ஊற்றுகிறவருக்கும், அவள் முதலிலிருந்து சொன்னாள். மோட்டார் ரூம் வரைக்கும் சொல்வாள். அதற்கு மேல் வாய் பூட்டிக்கொள்ளும்.

"அதுக்கு மேல என்னாச்சுன்னு நீங்க கேட்டு வாங்குங்க. தையி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தான்னா, இவ அவங்கம்மா ஊட்டுக்குப் போவட்டும். புள்ள எங்ககிட்ட இருக்கட்டும்."

அவளை வைத்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். அவள் "சரிங்க அத்தை" என்றாள்.

அந்தச் சரிங்கதான் எனக்குப் பயமாக இருந்தது. நம் பக்கத்துப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் சரிங்க என்பாள். அது மரியாதை. சம்மதமா இல்லையா என்பது அதற்குள் இருக்காது. உள்ளே வாங்க என்றால் சரிங்க. கதவைச் சாத்தட்டுமா என்றால் அதற்கும் சரிங்க, ஆனால் கண் கதவை விட்டு நகராது. அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி அவளிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வாசல் ஓரத்து நாற்காலியா, ஜன்னல் ஓரத்து நாற்காலியா? ஃபேன் ஓடட்டுமா, நிற்கட்டுமா? இரண்டில் ஒன்றை அவள் எடுத்தே ஆகவேண்டும். வாசல் ஓரம் என்றாள். கதவு திறந்தே இருந்தது.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஊரே கேட்டாகிவிட்டது, அதில் நானும் ஒருத்தியா? ராத்திரி எப்போது முழிப்பு வருகிறது, அப்போது எதைத் தொட்டால் கொஞ்சம் தேவலை என்று கேட்டேன். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டால் மூச்சு முழுசாக இறங்குகிறது என்றாள். பல வாரங்கள் இப்படியே போயின. மாமியாருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பஸ் ஏறி வந்து காலாட்டிக்கொண்டு உக்காந்துட்டுப் போறோம் என்று வராந்தா பெஞ்சிலிருந்து என் காதில் விழும்படியே சொல்வார். மார்கழியும் பிறந்துவிட்டது.

அப்படி ஒரு மதியம், அவள் தானாகவே தொடங்கினாள். "அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள போனமுங்க" என்றாள். குரல் எப்போதும்போல் இல்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் மாமியாரின் காலாட்டம் நின்றிருந்தது.

அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று ஓரளவு ஊகித்திருந்தேன். அது அந்தம்மா காதில் விழுந்தால் குழந்தை இவள் கையை விட்டுப் போய்விடலாம். கதவைச் சாத்தினால் இவளுக்கு மூச்சே நிற்கும். நிறுத்து என்று சொன்னால், வாயைப் பூட்டச் சொல்கிற இன்னோர் ஆளாகிவிடுவேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அத்தை வெளியதான் இருக்காங்க. பேச்சு கேக்கும். நாம எந்திரிச்சு அந்த ஸ்கூல் மைதானத்துப் பக்கம் போயிப் பேசலாம். இல்ல, இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம். எது வேணும்?"

இரண்டையும் அவள் எடுக்கவில்லை.

"வேண்டாங்க. அவங்க கேக்கட்டுமுங்க."

வந்த நாளிலிருந்து அவள் வாயில் நான் கேட்ட முதல் வேண்டாம் அது. அதற்குமேல் தடுக்க எனக்கு உரிமை இல்லை. கால் இரண்டும் தரையில் இருக்கட்டும், எங்கே நிறுத்தணுமோ அங்கே நிறுத்திக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

"நாந்தானுங்க தாப்பாள் போட்டேன். அவரு பின்னாலயே வாராருன்னு தெரியுமுங்க. தெரிஞ்சும் போட்டுப்போட்டேன். வந்து தட்டுனாருங்க. கை தாப்பாள் மேலதான் இருந்துச்சு. தொறக்க வரலீங்க."

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. மாமியார் எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வளாகத்தின் கேட்டைப் பார்த்து நடந்தார். இவள் நாற்காலியின் கையைப் பிடித்தபடி பாதி எழுந்து நின்றாள். ஓடிப்போய் அந்தம்மா கையைப் பிடிக்கலாமா என்று என் கால் துடித்தது. போனால் இவள் தனியாக நிற்பாள். போகவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா கேட் வரைக்கும் போய் நின்றார். ஒரு பஸ் வந்தது, நின்றது, கிளம்பிப் போனது. அவர் ஏறவில்லை.

திரும்பி வந்து நிலைப்படியில் நின்றபோது முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"தட்டறப்ப என்ன சொன்னான்?"

இதை யாரும் கேட்டதில்லை. எப்படி ஆச்சு என்று ஊரே கேட்டது, மகன் கடைசியாக என்ன பேசினான் என்று பெற்றவள் மட்டும்தான் கேட்டாள். இவள் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, பாப்பான்னு கூப்பிட்டாருங்க. வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க."

அந்தம்மா குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, மருமகள் மடியில் வைத்தார். தலையைத் தடவவில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். உள்ளே ஒருத்தி, படியில் ஒருத்தி. நடுவில் நான் ஒன்றும் பேசவில்லை. பேச்சுக்காரியான எனக்கு அது எவ்வளவு பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். தை பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. தானும் இனி உள்ளேயே உட்காரலாமா என்று என்னிடம் கேட்டார். அதை என்னிடம் கேட்கக் கூடாதுங்க என்றேன்.

அவர் ஒரு கணம் விறைத்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மிணி, நான் உள்ளார உக்காரட்டுமா, வெளியவே இருக்கட்டுமா?"

அவள் குழந்தையின் காலைப் பிடித்தபடி யோசித்தாள்.

"வெளியவே இருங்க அத்தை."

"சரி" என்றார் அந்தம்மா. செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.