மணி நின்ற பிறகும் திறந்திருந்த கதவு

ஒரு நாடு போருக்குப் போவதென்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? பள்ளிக் கடைசித் தேர்வில் வந்த இந்தக் கேள்விக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு நடந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு மக்கள் மன்றத்தில் வாயிற்காவல் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் கதவக்கா. வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். அடிக்கிறவரை உறுப்பினர்கள் ஓடி வந்து நுழையலாம். மணி நின்றதும் தாழ்ப்பாள் விழ வேண்டும். ஒருமுறை ஒரு மந்திரியின் மூக்குக்கு நேராகவே அவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளுடைய ஒரே மகன் எல்லையில் சிப்பாய். வாக்கெடுப்புக்கு முதல்நாள் தொலைபேசியில் பேசினான்.

“எங்க பிரிவுதாம்மா முன்னால போகுதாம்.”

“சாப்பிட்டியா?”

“நான் சொல்றது காதுல விழலையா?”

“விழுந்துச்சு. சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

சமாதானம் பேசப் போன தூதுவர் இன்னும் திரும்பவில்லை. அவருக்காகக் காத்திருக்காமல் படையை எல்லை தாண்ட விடலாமா என்பதுதான் தீர்மானம். மழை பிடித்தால் வண்டிகள் சேற்றில் மாட்டும், இப்போதே அடிக்க வேண்டும் என்றார்கள் சிலர். போனவர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்க்காமல் பிள்ளைகளை அனுப்புவதா என்றார்கள் மற்றவர்கள். இழுபறி.

அவளுடைய தொகுதி உறுப்பினர் முன்பு பல் டாக்டராக இருந்தவர். காலையில் உள்ளே போகும்போது நின்று, “கவலைப்படாதீங்கம்மா, தூதர் வராம நான் கை தூக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தார். மதியம் மணி அடித்தபோது அவர் இருக்கை காலியாக இருந்தது.

“யாரைத் தேடற கதவக்கா? உன் பல் டாக்டர் யார் வாயில கையை விட்டுட்டு நிக்கிறாரோ” என்றார் எதிர்வாசல் காவலர்.

“சும்மா இருங்கண்ணே.”

மணி நின்றது. எதிர்வாசல் தடாலென்று சாத்தப்பட்டது. அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது, நகரவில்லை. நடைபாதைக் கோடியில் டாக்டர் மெல்ல வந்துகொண்டிருந்தார். கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, “வாங்க, சீக்கிரம் வாங்க” என்று கையாட்டினாள். ஒரு கணம் அவர் நின்றார். பிறகு தலையைக் குனிந்தபடி நுழைந்தார்.

போர் வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் அவைத்தலைவர். டாக்டரின் கையும் எழுந்தது. தலை சொறியத்தான் என்று நினைத்தாள். கை இறங்கவில்லை.

ஒரே வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. அவர் வெளியே நின்றிருந்தால் வாக்குகள் சரிசமம். சமமானால் தீர்மானம் தோற்கும்.

வெளியே வந்தவரை வழிமறித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “கை தூக்கணும்னு கட்சி உத்தரவும்மா. வெளியில மாட்டிக்கிட்டா யாரும் குத்தம் சொல்ல முடியாது. உங்க கதவு சாத்தியிருக்கும்னு நம்பித்தான் வந்தேன்.”

“அதை உள்ள வந்து சொல்லுங்க.”

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

மன்றச் செயலர் அறைக்கு ஓடினாள். “ஐயா, மணி நின்னப்புறம் ஒருத்தரை உள்ள விட்டுட்டேன். அந்த ஓட்டு செல்லாது. மறுபடி எடுக்கச் சொல்லுங்க. என் வேலை போனாலும் பரவாயில்ல.”

“உங்க கதவு ஒருநாளும் தப்பினதில்லம்மா. மந்திரிக்கே சாத்தினவங்க நீங்க.”

“இன்னைக்குத் தப்பிடுச்சுங்க.”

“பையன் படையில இருக்கான் இல்ல? மனசு கலங்கியிருக்கு. வீட்டுக்குப் போங்க.”

எதிர்வாசல் காவலரின் சட்டையைப் பிடித்தாள். “அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் என் கதவைத்தாம்மா பாத்துட்டிருந்தேன்.”

படை எல்லை தாண்டியது. தூதுவர் திரும்பி வந்தார். என்ன கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மகனின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது. பேருந்துக்கு நிற்பவர்களிடம், கடை வாசலில், மாடிப்படியில், பார்ப்பவர்களிடமெல்லாம் அக்கா இதையே சொல்கிறாள். மறை கழன்றுவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வாக்கு செல்லாது. போனவர்களை இன்னும் திரும்பக் கூப்பிடலாம். கேட்க வேண்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது தெரிந்திருக்கலாம். அதனால் இதைப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவரையும் சொல்லச் சொல்லுங்கள்.